தம்பி ஏழு மாதமாக அறையில். டாக்டரிடம் வர மறுக்கிறான். எங்கே தொடங்குவது? (சென்னை)

பெரம்பூர் அக்கா
செவ்வாய், இரவு 11.20

தம்பிக்கு 24 வயது. இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் வேலைக்குப் போனான். திடீரென்று நின்றுவிட்டான். முதலில் மேனேஜர் சரியில்லை என்றான். அப்புறம் அறை ஜன்னலில் பேப்பர் ஒட்டி மூடினான். மாடி வீட்டுக்காரர் தன் போனை ஒட்டுக் கேட்கிறாராம். இரவெல்லாம் விழித்திருக்கிறான், யாருக்கோ பதில் சொல்வதுபோல் மெல்லப் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது. அம்மா தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வருவார். அரை மணி கழித்துப் பார்த்தால் பாதி அப்படியே இருக்கும்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனநல மருத்துவமனை இருக்கிற 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லை யாராவது வாயில் எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். அம்மா இதுவரை மூன்று கோயிலுக்கும் ஒரு மந்திரிக்கிறவரிடமும் போய் வந்துவிட்டார். நான் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழுகிறேன். டாக்டர் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறவனை எப்படிக் கூட்டிப் போவது? யாராவது வழி சொல்லுங்கள்.

ராயபுரம் சமூகப்பணி
செவ்வாய், இரவு 11.58

நான் மனநல சமூகப் பணியாளர். 14 வருடமாக இதே வேலை. தம்பிக்கு என்ன நோய் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை என்பது தெரிகிறது. இந்த மாதிரி அறிகுறிகள் தொடங்கியதிலிருந்து சிகிச்சை கிடைக்கும்வரை உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ, மீள்வது அவ்வளவு சுலபம்.

அவன் வர மாட்டான் என்றால் முதலில் நீங்கள் போங்கள். நோயாளி இல்லாமல் குடும்பத்தினர் மட்டும் போய்ப் பேசலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கே.எம்.சி. என்கிற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் இருக்கிறது. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வருகிற அதே வளாகம்தான். அப்பாவிடம் 'ஸ்டான்லிக்குப் போகிறோம்' என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை.

போகும்முன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாதம் எது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூங்குகிறான், எடை குறைந்ததா, தலையில் அடிபட்டதுண்டா, கஞ்சா அல்லது வேறு ஏதாவது பழக்கம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. ஓ.பி.யில் டாக்டருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அந்த நோட்டு அதை அரை மணியாக்கும்.

இன்றிரவே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416. டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கினார்கள். 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை.

பெரம்பூர் அக்கா
புதன், காலை 6.10

இரவே கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பேசினார்கள். பாதி நேரம் நான் அழுதேன், அவசரப்படுத்தவே இல்லை. தம்பியைப் பற்றிக் கேட்ட பிறகு 'நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்குகிறீர்களா' என்று கேட்டார். ஏழு மாதத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள்.

இருபது வருடத் துணை
புதன், காலை 9.35

ம்மா, நான் உன் அம்மா வயதுக்காரி, அதனால் ஒருமையில் எழுதுகிறேன். என் மகனுக்கு 19 வயதில் தொடங்கியது, இப்போது அவனுக்கு 41. அண்ணா நகரில் இருக்கிறோம்.

உன் அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. இந்த ஊரில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது வசவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. இருநூறு வருடத்துக்கு மேலான பெயர் ஒரே நாளில் வாயிலிருந்து போகாது. ஆனால் இன்று போய்ப் பார்த்தால் காலையில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் உன்னையும் என்னையும் போன்றவர்கள். காலேஜ் பெண், ஆட்டோக்காரர், பேங்க் வேலைக்காரர். முக்கால்வாசிப் பேர் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள். ஒன்று தெரிந்துகொள், கே.எம்.சி. இருப்பது பூந்தமல்லி நெடுஞ்சாலையில், மனநல மருத்துவமனை மேடவாக்கம் டேங்க் ரோட்டில், அயனாவரம் பக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைந்தவர்கள் உண்டு.

1961-இலிருந்து அந்த மனநல மருத்துவமனையில் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வுபெற்ற பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பைத் தொடங்கினார். 2021-இல் 98 வயதில் காலமானார். ஸ்கார்ஃப் அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. மருந்து மட்டும் கொடுத்து அனுப்பாமல் தொழில் பயிற்சி, குடும்பத்துக்கு ஆலோசனை என்று எல்லாம் சேர்த்துச் செய்கிற இடம். அதைப்போல ஆஷா என்று ஒன்று, மனநோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து நடத்துவது. இவை எல்லாம் இந்த ஊரில் இருக்கிறபோது நாம் கதவை மூடிக்கொண்டு தனியாக அழ வேண்டியதில்லை.

வில்லிவாக்கம் வாசு
புதன், மதியம் 1.15

என் கருத்து. கோயிலை விட வேண்டாம். எங்கள் பெரியம்மா மகனைக் குணசீலத்தில் 48 நாள் தங்க வைத்தார்கள், அமைதியாகத் திரும்பி வந்தான். நம்பிக்கையும் ஒரு மருந்துதான்.

ராயபுரம் சமூகப்பணி
புதன், மதியம் 2.40

வாசு சார், கோயிலுக்குப் போகிறவரை நான் தடுத்ததே இல்லை. அம்மாவுக்கு அது தெம்பு. கோயிலுக்கும் போகட்டும், மாத்திரையும் நிற்க வேண்டாம். ஆனால் கோயில், தர்கா என்ற பெயரில் கட்டிப்போடுகிற இடத்தில் மட்டும் யாரும் யாரையும் விட்டுவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ராமநாதபுரம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இப்போது சட்டப்படியே சங்கிலி கூடாது. 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

வில்லிவாக்கம் வாசு
புதன், மதியம் 3.05

ஏர்வாடி எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் சொல்வது சரி. குணசீலத்திலிருந்து வந்த பிறகு அவனும் மாத்திரை சாப்பிடுகிறான், அதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

தாம்பரம் செல்வி
புதன், மாலை 5.50

அவன் வர மறுத்தால் ஒரு வழி இருக்கிறது. எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சித்தி மோரில் கலந்து கொடுத்தார். ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டார். வேறு வழியில்லாதபோது இதை யோசியுங்கள் அக்கா.

காலை நடை
புதன், இரவு 8.30

இதற்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் மோரைக் குடித்தவன் நான்.

எனக்கு இருமுனைக் கோளாறு. 26 வயதில் முதல் முறை வந்தபோது ஐந்து நாள் தூங்கவில்லை, இரண்டு கிரெடிட் கார்டைக் காலி செய்தேன், வீட்டில் எல்லோரும் என்னை எதிர்க்கிறார்கள் என்று நம்பினேன். வீட்டில் எனக்குத் தெரியாமல் ரசத்தில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தார்கள். பத்தாவது நாள் என் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, நாக்கு புரளவில்லை. மருந்தின் பக்கவிளைவு அது, ஒரு ஊசியில் சரியாகிவிடும். ஆனால் மருந்து சாப்பிடுவதே எனக்குத் தெரியாது, ஆகவே விஷம் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு மிக்ஸி ஜாரில் வெள்ளைப் பொடியைப் பார்த்தேன். அன்று என் சந்தேகம் உண்மையாகிவிட்டது இல்லையா? நான்கு மாதம் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. டீக்கடை பன், வாழைப்பழம், பாக்கெட் பால். அம்மா கையால் சாப்பிட மறுபடி இரண்டு வருடம் ஆனது.

இப்போது 12 வருடமாக லித்தியம் மாத்திரை எடுக்கிறேன். சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் அளவு பார்க்கிறேன், சிறுநீரகமும் தைராய்டும் பார்க்கிறேன். வேலைக்குப் போகிறேன். மருந்து என்னைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கலந்து கொடுத்த மருந்து இல்லை. தம்பி ஏற்கெனவே யாரோ தன்னை ஏமாற்றுவதாகப் பயந்துகொண்டிருக்கிறான். நீங்கள் ஒருவராவது அவனை ஏமாற்றாதவராக இருங்கள்.

தாம்பரம் செல்வி
புதன், இரவு 8.55

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. சித்தப்பாவுக்கு அது எப்படி இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

இருபது வருடத் துணை
புதன், இரவு 10.15

நானும் கலந்திருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை. 2004-இல் மகன் என் கையை முறுக்கிய மாதம் அது. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும், கணவர் அப்போது இல்லை. தோசை மாவில் கலந்தேன். மூன்று வாரத்தில் அவன் சத்தம் அடங்கியது, நான் ஆறு மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காக யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, காலை நடை தம்பி, நீயும் சொல்ல மாட்டாய் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீ எழுதியது உண்மை. அவன் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மருந்தும் போச்சு. இரண்டு தோசை கூடக் கேட்டால் மருந்தும் கூடுதலாக உள்ளே போச்சு. அளவே இல்லாத வைத்தியம். ஒரு நாள் நானே உட்கார்ந்து அவனிடம் சொன்னேன், 'இத்தனை நாள் இப்படிச் செய்தேன், பயத்தில் செய்தேன்' என்று. தட்டை வீசினான். ஆனால் மறுவாரம் டாக்டரிடம் வந்தான். இனிமேல் என்ன விழுங்குகிறேன் என்று தெரிந்து விழுங்குகிறேன் என்றான்.

காலை நடை
புதன், இரவு 10.40

அம்மா, உங்களை ஒரு வார்த்தை குற்றம் சொல்ல மாட்டேன். என் அம்மாவும் அப்படித்தான் பயந்திருப்பார் என்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் சரியாக உறைக்கிறது.

ராயபுரம் சமூகப்பணி
வியாழன், காலை 7.30

இதைவிட நன்றாக நான் சொல்ல முடியாது. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, பேசுகிற முறை. மாடி வீட்டுக்காரர் ஒட்டுக் கேட்கவில்லை என்று தம்பியிடம் நிரூபிக்கப் போகாதீர்கள். ஆமாம் கேட்கிறார் என்றும் சொல்லாதீர்கள். கதையை விட்டுவிட்டு அதற்குள் இருக்கிற பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். 'இப்படித் தோன்றினால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? எத்தனை நாளாகத் தூங்கவில்லை?' பெரும்பாலும் கதவு திறப்பது தூக்கம் பற்றிய பேச்சில்தான். நோய் இருப்பதை ஒத்துக்கொள்ளாதவர்கள்கூடத் தூக்கமில்லை என்பதை ஒத்துக்கொள்வார்கள். தூக்கத்துக்காக ஒரு டாக்டரைப் பார்ப்போம் என்றால் அது முழு உண்மை. வீட்டில் திட்டும் குத்தலும் குறைந்தால் நோய் திரும்ப வருவதும் குறையும், இது பல நாடுகளில் ஆய்வு செய்து கண்டது. அப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

இரண்டு, ஆபத்து. சாக வேண்டும்போல இருக்கிறதா என்று தம்பியிடமே நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருந்தால் அவனைத் தனியாக விடாதீர்கள், வீட்டில் உள்ள மாத்திரை, எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், 108 கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள். சினேகா 1986-லிருந்து இந்த ஊரில் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்குகிறது, 044-24640050. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் உண்டு. 2017 சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் ஒருவரை அனுமதிக்கவும் அதே சட்டத்தில் வழி உண்டு. அதற்கு நோயாளியின் சார்பில் அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், எத்தனை நாள் வைக்கலாம் என்ற வரம்பும் உண்டு. அது கடைசி வழி.

பெரம்பூர் அக்கா
வியாழன், காலை 8.05

நேற்றிரவு கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டேன். சாகணும்போல இருக்கா என்று. ரொம்ப நேரம் பதிலில்லை. 'இல்லக்கா. தூங்கணும்போல இருக்கு' என்றான்.

கொரட்டூர் மனைவி
வியாழன், இரவு 9.45

என் விஷயம் வேறு, ஆனாலும் எழுதுகிறேன். என் கணவர் குடிநோயாளி. ஒன்பது வருடம் அவரைத் திருத்துவதே என் வேலையாக இருந்தது. பாட்டிலைத் தேடிக் கொட்டுவேன், ஆபீசுக்குப் பொய் சொல்லி லீவு கேட்பேன், சம்பள நாளில் வாசலில் நிற்பேன். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது. குடிக்கிறவருக்கு மட்டுமில்லாமல் குடும்பத்துக்கும் சேர்த்து அங்கே சிகிச்சை. முதல் நாள் எனக்குக் கோபம்தான் வந்தது, குடித்தது அவர், என்னை ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று. இரண்டாவது வாரம் ஒரு பெண் தன் வீட்டைப் பற்றிப் பேசினார். அது என் வீடு. அதே பொய், அதே சம்பள நாள்.

பிறகு அல்-அனான் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கான குழு. சர்ச் ஹாலிலோ பள்ளி அறையிலோ நடக்கும், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டணமில்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டாம், அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. என் கணவர் நிறுத்துவதற்கு எட்டு மாதம் முன்பே நான் தூங்கத் தொடங்கிவிட்டேன். அவர் திருந்திய பிறகுதான் நான் நன்றாக இருப்பேன் என்று இருந்திருந்தால் அந்த எட்டு மாதமும் போயிருக்கும்.

அக்கா, தம்பிக்கு வழி தேடுகிற அதே நேரத்தில் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு குழு தேடுங்கள். அவன் விஷயம் முடிந்த பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள்.

மடிப்பாக்கம் பிரபு
வெள்ளி, காலை 10.20

செலவு பற்றி யாரும் எழுதவில்லை. தனியாரில் கவுன்சலிங் என்று மணிக்கு ஒரு தொகை வாங்குகிற எல்லோரும் படித்தவர்கள் இல்லை. என் அக்காவுக்கு ஒருவர் ஆறு மாதம் 'எனர்ஜி ஹீலிங்' செய்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார், மறுபடி மோசமானது. மருந்து எழுத மனநல மருத்துவர் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். உண்மையானவர் கோபப்பட மாட்டார்.

இன்சூரன்ஸ் கம்பெனி மனநோய்க்கு இல்லை என்று சொன்னால் விடாதீர்கள். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் கொடுக்க வேண்டும் என்பது அதே 2017 சட்டம். நோய் நீண்ட காலம் இருந்து அன்றாட வேலையைப் பாதித்தால், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிட்டால், மாற்றுத் திறனாளி அட்டையும் கிடைக்கும். 2016 மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் மனநோய் சேர்ந்திருக்கிறது. அட்டை வாங்கத் தயங்கிக்கொண்டே நாங்கள் மூன்று வருடத்தை வீணாக்கினோம்.

பெரம்பூர் அக்கா
அடுத்த புதன், இரவு 10.00

நானும் அம்மாவும் ஸ்டான்லிக்குப் போனோம். நோட்டைக் கொடுத்தேன். டாக்டர் முழுதாகப் படித்தார். தூக்கம் பற்றிப் பேசி அழைத்து வரச் சொன்னார், இரண்டு வாரத்தில் முடியாவிட்டால் மறுபடி எங்களையே வரச் சொன்னார். அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பதில் பேசவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

பெரம்பூர் அக்கா
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

வந்தான். விடியற்காலை ஆறரைக்குத் தெருவில் ஆள் குறைவாக இருக்கும்போது போகலாம் என்றான், அப்படியே போனோம். ஓ.பி. திறக்கும்வரை மூன்று பேரும் வாசலில் டீ குடித்தோம். அவன் குடித்த டீயை நான் வாங்கவில்லை, அவனே போய் வாங்கினான்.

மாத்திரை ஆரம்பித்து இன்று 11 நாள். இரவில் தூங்குகிறான். ஆனால் பகலிலும் தூங்குகிறான், சாப்பிட எழுப்ப முடியவில்லை. அம்மா பயந்துபோய் ஒரு மாத்திரையைக் குறைக்கலாமா என்கிறார்.

ராயபுரம் சமூகப்பணி
ஞாயிறு, மாலை 7.00

நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். முதல் வாரங்களில் இந்தத் தூக்கக் கலக்கம் பலருக்கு வரும். அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றித் தருவார். கழுத்து இழுப்பு, தாடை இறுக்கம், கை நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது எது வந்தாலும் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். எடையை எழுதி வையுங்கள், சில மாத்திரைகளில் பசி கூடும். சந்தேகப் பேச்சு குறைய இன்னும் சில வாரம் ஆகும்.

காலை நடை
ஞாயிறு, மாலை 7.25

மாத்திரையின் பெயரையும் அது எதற்கு என்பதையும் அவனுக்கே சொல்லுங்கள். அட்டையை அவன் கையிலேயே கொடுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் போதும்.

பெரம்பூர் அக்கா
ஞாயிறு, இரவு 9.10

சரி. கொடுத்துவிட்டேன். வியாழன் மறுபடி ஓ.பி. இந்தத் தடவை அப்பாவும் வருகிறேன் என்றார். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தம்பியிடமே கேட்டார்.